அச்சிட்ட எடை உள்ளே இருக்கிறதா? பாக்கெட் உணவை வீட்டிலேயே எடைபோட்டுச் சோதிக்க முழுமையான வழிகாட்டி

பாக்கெட் கையில் லேசாகத் தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது, அதைப் பிரிக்காமல் வைப்பது. பிரித்துவிட்டால், உள்ளே எவ்வளவு இருந்தது என்பதற்கு உங்கள் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. "கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்தியிருப்பீர்கள்" என்று கடையில் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பிரிக்காத பாக்கெட்டும் நம்பகமான ஒரு தராசும் கையில் இருந்தால், சமையலறை மேடையிலேயே ஒரு நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்க்கலாம். எப்படி என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஐந்து கிராமுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். வாங்குகிறவருக்கு அது ஐந்து கிராம்தான். ஒரு லட்சம் பாக்கெட் போடுகிறவருக்கு அது 500 கிலோ. பொருள் கெட்டுப்போயிருந்தால் வாடை காட்டிக்கொடுக்கும். எடை குறைந்திருந்தால் யாராவது தராசில் வைத்துப் பார்க்கிற வரை ஒன்றுமே தெரியாது. நாம் பார்க்காத வரை அந்த இழப்பு நடந்துகொண்டே இருக்கும்.

எது எடைக்குறைவு, எது இல்லை

மூன்று விஷயங்களை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 500 கிராமாக இருந்த பாக்கெட்டை அதே விலையில் 450 கிராமாக்கி, அட்டையிலும் 450 என்றே போட்டு விற்பது ஒன்று. அது எரிச்சலூட்டும்தான். ஆனால் அச்சிட்ட எடை உள்ளே இருக்கிறது, ஆகவே அது எடைக்குறைவு ஆகாது. பெரிய பையில் பாதிக்கு மேல் காற்றாக இருப்பது இன்னொன்று. வறுவல் பைகளில் பொருள் நொறுங்காமலும் காறிப்போகாமலும் இருக்க நைட்ரஜன் வாயுவை அடைக்கிறார்கள். பை பார்வைக்கு ஏமாற்றலாம், ஆனால் எடை சரியாகவே இருக்கக்கூடும். மூன்றாவதுதான் நம் விஷயம்: அட்டையில் 500 என்று போட்டு உள்ளே 500 இல்லாமல் இருப்பது.

அந்தக் காற்று எடையைக் கூட்டிக் காட்டுமா என்று சிலர் கேட்பார்கள். காட்டாது. நைட்ரஜனும் சுற்றியுள்ள காற்றும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி கொண்டவை என்பதால், பை எவ்வளவு உப்பியிருந்தாலும் அந்த வாயு தராசில் தெரியாது.

முதல் படி: அட்டையைப் படிப்பது

தேட வேண்டிய சொல் 'நிகர எடை'. பை, டப்பா, உள்ளே சுற்றியிருக்கும் தாள், ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் சிறு சிலிக்கா பை எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சும் உணவின் எடைதான் அது. தனித்தனியாகச் சுற்றிய மிட்டாய் என்றால் ஒவ்வொரு மிட்டாயின் தாளும் கழிக்க வேண்டியதே.

உப்புநீரிலோ சர்க்கரைப் பாகிலோ மிதக்கும் பொருளாக இருந்தால் இரண்டு எண்கள் இருக்க வேண்டும். ஒன்று மொத்த நிகர எடை, மற்றொன்று திரவத்தை வடித்த பிறகான எடை. சாப்பிடப் போவது இரண்டாவது எண்ணைத்தான், விலையையும் அதை வைத்தே ஒப்பிட வேண்டும். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் அட்டைவிதிகள் வடித்த எடையையும் போடச் சொல்கின்றன. ஆனால் அந்த விதி சொல்லும் திரவங்கள் தண்ணீர், உப்புநீர், சர்க்கரைநீர், வினிகர், பழங்களுக்கும் காய்களுக்கும் அவற்றின் சாறு ஆகியவைதான். எண்ணெய் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எண்ணெயில் அடைத்த மீன் டப்பாவில் வடித்த எடை இல்லையென்றால் உடனே குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம்.

அடுத்து, எடைக்குப் பக்கத்தில் ஆங்கில 'இ' எழுத்து போன்ற சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1976ஆம் ஆண்டு விதிப்படி, 5 கிராமிலிருந்து 10 கிலோ வரையுள்ள பாக்கெட்டுகளில், சராசரி எடை முறைப்படி நிரப்பியது என்று பாக்கெட் போட்டவர் கொடுக்கும் உறுதி அது. அந்தச் சராசரி முறை என்ன என்பது கீழே வருகிறது.

கடைசியாக பேட்ச் எண், பாக்கெட் போட்ட தேதி, பாக்கெட் போட்டவரின் பெயர், முகவரி. இவற்றை இப்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். புகார் வரை போனால் பாக்கெட்டைவிட பேட்ச் எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

இரண்டாம் படி: எவ்வளவு குறைவு சட்டப்படி குறைவு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தராசை எடுத்தால் நேர்மையான நிறுவனத்தின் மேல் பழி போட நேரிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

எந்த இயந்திரமும் எல்லாப் பாக்கெட்டிலும் மிகச் சரியாக 500 கிராம் போடாது. ஒன்றில் 503 விழும், அடுத்ததில் 498 விழும். சட்டம் இதை ஏற்றுக்கொள்கிறது. சட்டமுறை அளவியலுக்கான பன்னாட்டு அமைப்பு 1955இல் தொடங்கப்பட்டு பாரிஸிலிருந்து இயங்குகிறது. பாக்கெட் எடைக்கென்றே அது வகுத்த 87ஆம் எண் பரிந்துரையின் சாரம் மூன்று விதிகள். ஒரு தொகுதிப் பாக்கெட்டுகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது. 'அனுமதித்த குறைவு' என்று ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டிக் குறைந்த பாக்கெட்டுகள் நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த எல்லையின் இரு மடங்கைத் தாண்டிக் குறைந்த பாக்கெட் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அந்த எல்லை அச்சிட்ட எடையைப் பொறுத்து மாறும்:

5 முதல் 50 கிராம் வரை: 9 சதவீதம்
50 முதல் 100 கிராம் வரை: 4.5 கிராம்
100 முதல் 200 கிராம் வரை: 4.5 சதவீதம்
200 முதல் 300 கிராம் வரை: 9 கிராம்
300 முதல் 500 கிராம் வரை: 3 சதவீதம்
500 கிராம் முதல் 1 கிலோ வரை: 15 கிராம்
1 முதல் 10 கிலோ வரை: 1.5 சதவீதம்
10 முதல் 15 கிலோ வரை: 150 கிராம்

ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் 10 கிலோ வரை சட்டத்தில் இருப்பவை இதே எண்கள்தான். அமெரிக்காவில் எண்கள் வேறு, ஆனால் அங்கும் அடிப்படை இதுவே: சராசரிக்கு ஒரு விதி, தனிப் பாக்கெட்டுக்கு ஓர் எல்லை.

500 கிராம் பாக்கெட்டுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அனுமதித்த குறைவு 15 கிராம். உள்ளே 488 இருந்தால் அந்த ஒரு பாக்கெட்டை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 485க்குக் கீழே என்றால் அது நூற்றில் ஓரிரண்டாக மட்டுமே வரலாம், சந்தேகப்பட நல்ல காரணம். 470க்குக் கீழே என்றால் அந்த ஒன்றே போதும்.

இந்த எல்லையை நிறுவனத்துக்குக் கொடுத்த சலுகையாகப் பலர் படிக்கிறார்கள். முதல் விதியை மறந்தால்தான் அப்படித் தோன்றும். எல்லாப் பாக்கெட்டிலும் 488 போட்டுவிட்டு "எல்லைக்குள்தான் இருக்கிறோம்" என்று யாரும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் சராசரி அடிவாங்கிவிடும். என்னைக் கேட்டால் மூன்று விதிகளிலும் வாங்குகிறவரைக் காப்பது சராசரி விதிதான். அதைச் சோதிக்கத்தான் ஒன்றுக்கு மேல் பாக்கெட் வேண்டும்.

மூன்றாம் படி: தராசை முதலில் சோதியுங்கள்

வீட்டில் இருக்கும் டிஜிட்டல் சமையலறைத் தராசு பெரும்பாலும் ஒரு கிராம் இடைவெளியில் எண் காட்டும். ஒரு கிராம்வரை காட்டுகிறது என்பதால் ஒரு கிராம்வரை சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அரை கிலோவுக்கு இரண்டு மூன்று கிராம் தள்ளிக் காட்டுவது சாதாரணம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு காரணம் உண்டு. இந்தத் தராசுகளுக்குள் இருக்கும் லோட் செல் என்ற உணரி பொருளின் நிறையை நேரடியாக அளப்பதில்லை. பூமி அதை இழுக்கும் விசையை அளந்து கிராமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த இழுவிசை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய அரை சதவீதம் வித்தியாசம். 45 பாகை அட்சரேகையில் சரிசெய்து அனுப்பிய தராசை அப்படியே நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், ஒரு கிலோவை இரண்டரை கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். யார் மேலும் தப்பில்லாமல் ஒவ்வொரு பாக்கெட்டும் 'குறைவாக' வந்துகொண்டே இருக்கும்.

இதற்கும் மற்ற எல்லாப் பிழைகளுக்கும் சேர்த்து ஒரே மருந்து, எடை தெரிந்த ஒரு கல். சோதித்த எடைக்கற்களில் 'எம்1' என்ற தரத்தில் 500 கிராம் கல் ஒன்றின் பிழை 0.025 கிராமுக்கு மேல் போகாது, நம் வேலைக்கு அது தாராளம். நீங்கள் சோதிக்கப் போகும் பாக்கெட்டின் எடைக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லாக எடுங்கள். 500 கிராம் கல்லைத் தராசு 498 என்று காட்டினால், அதே அளவுப் பாக்கெட்டுக்கு வரும் எண்ணோடு 2 கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கல் கிடைக்கவில்லையா? நாணயங்கள் உதவும், ஏனென்றால் அவற்றின் எடையை அரசே வரையறுக்கிறது. ஒரு யூரோ நாணயம் 7.5 கிராம், அமெரிக்க ஐந்து சென்ட் நாணயம் 5 கிராம். தேயாத புது நாணயங்கள் இருபது முப்பதைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று அளவுக்குவளையை நம்பிச் சோதிக்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீரின் எடையில் பிரச்சினை இல்லை, வீட்டுக் குவளையின் கோட்டை நம்ப முடியாது.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். தராசைக் கெட்டியான, சமமான மேடையில் வையுங்கள். மேசைவிரிப்பு வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். பேட்டரி புதிதாக இருக்கட்டும். பாக்கெட்டைத் தட்டின் நடுவில் வையுங்கள், ஓரத்தில் வைத்தால் எண் மாறும். உப்பிய பை தட்டைத் தாண்டி மேடையில் உரசினால் எடையின் ஒரு பகுதியை மேடையே தாங்கிக்கொள்ளும், அதனால் கவிழ்த்த ஒரு கிண்ணத்தின் மேல் பையை நிறுத்துவது நல்லது.

நான்காம் படி: பிரிக்காமல் எடைபோடுவது

பாக்கெட்டை அப்படியே தராசில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். இப்படி மூன்று முறை. மூன்றும் ஒரு கிராமுக்குள் ஒத்துவந்தால் தராசு நிலையாக இருக்கிறது.

பிரிக்காத பாக்கெட்டின் மொத்த எடையே அச்சிட்ட நிகர எடையைவிடக் குறைவாக இருந்தால் வாதத்துக்கு இடமே இல்லை. 500 என்று அச்சிட்ட பாக்கெட், பையையும் சேர்த்து 494 காட்டுகிறது என்றால், உள்ளே இருப்பது 494ஐ விடவும் குறைவு. பை எவ்வளவு எடை என்று யாரும் கேட்கத் தேவையில்லை, பிரிக்கவும் தேவையில்லை. இந்த மாதிரிப் பாக்கெட் கையில் கிடைத்தால் அதைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். குறைவு இரண்டாம் படியில் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால் நேராக ஏழாம் படிக்குப் போய்விடுங்கள், எல்லைக்குள் என்றால் ஆறாம் படியின் சராசரிக் கணக்கில் அதைச் சேருங்கள்.

ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: பாக்கெட்டில் ஓட்டையோ ஒட்டுப் பிளவோ இருக்கிறதா? ஒட்டுமிடத்தை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். உப்பியிருக்க வேண்டிய பை தளர்ந்து கிடந்தால் ஒட்டு விட்டிருக்கலாம். கசிந்து குறைந்த பாக்கெட் தனி வழக்கு, அதை எடைக்குறைவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பத்து இருபது கிராம் பாக்கெட்டுகளுக்கு இந்தத் தராசு போதாது. 20 கிராமில் ஒரு கிராம் பிழை என்பது ஐந்து சதவீதம். போதாக்குறைக்குச் சில தராசுகள் மிகச் சிறிய எடையை, காலியாக இருக்கும்போது வரும் ஆட்டம் என்று நினைத்துத் தானாகவே சுழியாக்கிவிடும். இதற்கு இரண்டு வழி. 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று, அல்லது அதே வகைப் பாக்கெட் பத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு மொத்தமாக எடைபோட்டு வகுப்பது. இரண்டாவது வழியில் தனித்தனி எடை தெரியாது, ஆனால் முக்கியமான சராசரி கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: காலிப் பாக்கெட்டைக் கழிப்பது

மொத்த எடை அச்சிட்டதைவிடக் கூடுதலாக இருந்தால் பையின் எடை தெரிய வேண்டும். அதற்கு ஒரு பாக்கெட்டையாவது பிரித்தாக வேண்டும். பொருளைக் கொட்டிவிட்டு, பையில் ஒட்டியிருக்கும் தூளைத் தட்டி, உலர்ந்த தூரிகையால் துடைத்து எடைபோடுங்கள். ஒட்டியிருக்கும் தூளும் உணவுதான், அதைப் பையின் கணக்கில் சேர்த்தால் நிறுவனத்துக்கு அநியாயம். வழிக்கும் பொருள் என்றால் நன்றாக வழித்து, கழுவி, முழுதாக உலர்த்திய பிறகு எடை பாருங்கள்.

மெல்லிய பிளாஸ்டிக் பைகள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடாது. ஒரே வகையில் இரண்டு மூன்றைப் பிரித்துச் சராசரி எடுத்தால், மீதியைப் பிரிக்காமலே கணக்குப் போடலாம். கண்ணாடிப் புட்டிகளில் இந்தக் குறுக்குவழி செல்லாது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு புட்டிகளுக்கு நடுவே பல கிராம் வித்தியாசம் இருக்கும். ஒவ்வொரு புட்டியையும் அதனதன் மூடியோடு தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

கடையிலேயே தட்டில் வைத்து உறை சுற்றி விற்கும் இறைச்சி, பாலாடைக்கட்டி, நறுக்கிய பழம் போன்றவற்றில் அதிகம் தவறு நடப்பது இந்தக் கழித்தலில்தான். தட்டின் எடையைக் கழிக்காமலே அட்டை அடித்துவிடுவார்கள், அல்லது இலேசான தட்டுக்கான எண்ணை வைத்துக்கொண்டு கனமான தட்டில் விற்பார்கள். 2015இல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை, ஹோல் ஃபுட்ஸ் கடைகளில் முன்கூட்டியே பாக்கெட் போட்ட 80 வகைப் பொருள்களைச் சோதித்தது. 80 வகையிலும் எடை தவறாக அச்சிட்ட பாக்கெட்டுகள் கிடைத்ததாக அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதியில் அந்த நிறுவனம் 5 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. இறைச்சித் தட்டின் அடியில் ஒரு உறிஞ்சு அட்டை இருக்கும், அதையும் கழிக்க மறக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு அது இறைச்சியின் நீரைக் குடித்துக் கனத்திருக்கும், அதனால் இந்தச் சோதனையை வாங்கிய அன்றே செய்வது நல்லது.

தனி வழி கேட்கும் பொருள்கள்

உறைந்த இறால், மீன். உலர்ந்துபோகாமல் இருக்க இவற்றின் மேல் மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பார்கள். பூச்சு தேவையானதுதான், ஆனால் அதன் எடையை உணவின் எடையாக விற்கக் கூடாது. உறைந்த இறாலுக்கான கோடெக்ஸ் தரமும் ஐரோப்பிய ஒன்றிய விதியும் நிகர எடையில் பனிப்பூச்சைச் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கின்றன. சோதிக்க, உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே பாக்கெட்டைப் பிரித்து, குளிர்ந்த நீரை மெல்லத் தூவுங்கள். கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும் பனி போகும்வரைதான். உள்ளே இருக்கும் இறால் உறைந்தபடியே இருக்க வேண்டும், அது இளகத் தொடங்கினால் அதன் சொந்த நீரும் வெளியேறிக் கணக்கு கெடும். ஒட்டிய நீரைத் தாளால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே எடைபோடுங்கள். எடைக்குறைவு மறைந்திருக்க இதைவிட வசதியான இடம் வேறில்லை என்பது என் எண்ணம். மொத்தமாகத் தராசில் வைத்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

டப்பாவில் அடைத்தவை. சல்லடை ஒன்றைக் காலியாக எடைபோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் இருப்பதைச் சல்லடை முழுதும் பரவும்படி கொட்டி, சற்றே சாய்த்து, இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு சல்லடையோடு எடைபோட்டுக் கழியுங்கள். அந்த இரண்டு நிமிடம் ஆய்வாளர்களும் பின்பற்றும் நேரம். அழுத்தவோ பிழியவோ கூடாது.

மாவு, அரிசி, பாஸ்தா, ரொட்டி. இவை ஈரத்தை இழந்து தானாகவே எடை குறையும். முழுதாக மூடிய பிளாஸ்டிக் பையில் இது மிகக் குறைவு, தாள் பையில் அதிகம். அமெரிக்காவின் சோதனைக் கையேடு மாவுக்கு 3 சதவீதம் வரை ஈர இழப்பைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதனால் தாள் பையில் பல மாதம் கிடந்த மாவு ஒன்றரை சதவீதம் குறைவாக வந்தால் அவசரப்படாதீர்கள், புதிதாக வந்த பேட்ச் ஒன்றை வாங்கிப் பாருங்கள். அதுவும் அதே அளவு குறைந்தால் ஈரத்தைக் காரணம் காட்ட முடியாது.

எண்ணெய், தேன், பால், ஐஸ்கிரீம். அட்டையில் இருப்பது கிராமா, மில்லிலிட்டரா என்று பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். லிட்டர் என்றால் கிலோ என்று நினைத்து எண்ணெய்ப் பாக்கெட்டை எடைபோட்டு 'எண்பது கிராம் திருட்டு' என்று கிளம்புகிறவர்களைப் பார்க்கிறோம், அது தவறான புகார். தேன் இதற்கு நேர்மாறு, ஒரு லிட்டர் 1.4 கிலோ அளவுக்கு இருக்கும். மில்லிலிட்டரில் விற்கும் ஐஸ்கிரீமைத் தராசில் வைத்து எதையும் சொல்ல முடியாது, அதில் எவ்வளவு காற்று அடித்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

ஆறாம் படி: பல பாக்கெட்டுகள், ஒரு கணக்கு

அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கிடங்கில் 12 முதல் 250 பாக்கெட் வரை இருந்தால் 12ஐ எடுப்பார்கள், 3200 வரை 24, அதற்கு மேல் 48. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. வழக்கமாக வாங்கும் பொருளையே பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் எடைபோட்டுக் குறித்துவந்தால் தனிச் செலவில்லாமல் கணக்கு சேர்ந்துவிடும். அக்கம்பக்கத்தில் அதே பொருளை வாங்குகிறவர்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் வேகம்.

ஒரு எடுத்துக்காட்டு. அச்சிட்ட எடை 500 கிராம், காலிப் பை 8 கிராம். ஐந்து பாக்கெட்டுகளின் மொத்த எடை 499, 503, 497, 501, 500 என்று வைத்துக்கொள்வோம். பையைக் கழித்தால் 491, 495, 489, 493, 492. சராசரி 492. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே 15 கிராம் எல்லைக்குள் இருக்கின்றன, ஒன்றைக்கூடக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தும் 500க்குக் கீழே, சராசரி 8 கிராம் குறைவு.

இது தற்செயலாக நடக்குமா? பாக்கெட் போடும் இடத்தில் சராசரி சரியாக 500இல் நிற்கிறது என்றால், எடுக்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் குறைவாக இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஐந்தும் குறைவாக வர 32இல் ஒரு வாய்ப்பு. எட்டும் குறைவாக வர 256இல் ஒன்று. பத்தும் என்றால் 1024இல் ஒன்று. எட்டுப் பத்துப் பாக்கெட்டுகள் ஒன்றுவிடாமல் குறைவாக வந்தால், கணிதம் தெரிந்த யாரும் தற்செயல் என்று சொல்ல மாட்டார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரே நாளில் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த பத்தும், நிரப்பும் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் ஏற்பட்ட ஒரே கோளாறைக் காட்டலாம். அது அந்த பேட்சுக்கு எதிரான ஆதாரம், நிறுவனத்தின் வழக்கத்துக்கு எதிரான ஆதாரமாக ஆகாது. வெவ்வேறு தேதி, வெவ்வேறு கடை, வெவ்வேறு பேட்ச் என்று எடுத்தும் குறைவு தொடர்ந்தால்தான் அது வழக்கம். கோளாறுகளும் உண்மையிலேயே நடக்கின்றன. கன அளவை வைத்து நிரப்பும் இயந்திரத்தில், பொருள் முந்தைய நாளைவிட இலேசாகவோ பொருபொருவென்றோ வந்தால் அதே கிண்ணம் குறைந்த எடையைப் போடும். பையின் வகையை மாற்றிவிட்டு இயந்திரத்தில் அதன் எடையை மாற்ற மறந்திருப்பார்கள். ஆனால் பாக்கெட் வெளியேறும் முன் எடைபார்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. காரணம் எதுவானாலும் குறைவு வாங்கினவரின் தலையில் விழக் கூடாது.

உங்கள் தராசின் பிழையைவிடச் சிறிய குறைவை ஒருபோதும் புகாராக்காதீர்கள். கல்லோடு ஒப்பிட்ட பிறகும் இரண்டு கிராம் சந்தேகம் இருக்கும் தராசில், இரண்டு கிராம் குறைவு என்பது செய்தியே இல்லை.

ஏழாம் படி: பதிவும் புகாரும்

பிரிக்காத பாக்கெட்டை எடைபோடும்போது இடையில் வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். வெறும் தராசு சுழி காட்டுவது, கல்லை வைத்ததும் வரும் எண், பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம், ஒட்டுகள், பிறகு பாக்கெட்டின் எடை, கடைசியாக பேட்ச் எண்ணும் தேதியும். இந்த வரிசையில் இருந்தால் பார்ப்பவருக்குக் கேள்வி எழாது. ரசீதையும் எடுத்துவையுங்கள்.

முடிந்தால், அரசு முத்திரையுள்ள வணிகத் தராசு ஒன்றில் அதே பாக்கெட்டை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். வாங்கிய கடையிலேயே அப்படி ஒரு தராசு இருக்கக்கூடும். கடைக்காரர் முன்னால் அவருடைய தராசிலேயே குறைவு தெரிந்தால் பணமோ மாற்றுப் பாக்கெட்டோ வாங்குவது எளிது. அங்கே குரல் உயர்த்த வேண்டாம். மூடிய பாக்கெட்டை அவரும் உங்களைப் போலவே நம்பித்தான் வாங்கியிருப்பார்.

அடுத்து பாக்கெட் போட்டவருக்கு எழுத்தில். பொருளின் பெயர், அச்சிட்ட எடை, நீங்கள் கண்ட மொத்த எடை, பையின் எடை, பேட்ச் எண்கள், தராசை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள் என்பது. இவ்வளவு போதும், ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. 'மோசடி', 'கொள்ளை' போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். எண்கள் பேசும்போது அந்தச் சொற்கள் உங்கள் தரப்பைப் பலவீனமாக்கும்.

அரசிடம் போகும்போது சரியான கதவைத் தட்டுங்கள். உணவு என்றதும் எல்லோரும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுகிறார்கள். கெட்டுப்போனதற்கும் கலப்படத்துக்கும் அது சரி. எடைக்குப் பெரும்பாலான நாடுகளில் எடையளவுகளைக் கண்காணிக்கும் தனி அலுவலகம் உண்டு, கடைத் தராசுகளுக்கு முத்திரை போடுவதும் அதே அலுவலகம்தான். புகாரில் பாக்கெட் போட்டவரின் முகவரியும் பேட்ச் எண்ணும் முதல் சில வரிகளுக்குள் வந்துவிட வேண்டும்.

உங்கள் பாக்கெட்டை மட்டும் வைத்து ஆய்வாளர் தண்டனை கொடுத்துவிட மாட்டார். அது எங்கே தேடலாம் என்று அவருக்குக் காட்டும். அவர் கிடங்குக்கோ பாக்கெட் போடும் இடத்துக்கோ போய், அதே பொருளில் தானே மாதிரி எடுத்து, தன் தராசில் சராசரி பார்ப்பார். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பிரிக்காத பாக்கெட்டை உலர்ந்த இடத்தில், மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்திருங்கள். உறைந்த பொருள் என்றால் உறைபெட்டியிலேயே, மேலே தேதி எழுதி. சீக்கிரம் கெடும் பொருளாக இருந்தால் வீடியோவையும் காலிப் பையையும் வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் ஏன் பிரித்தீர்கள் என்பதை எழுதிச் சேர்த்துவிடுங்கள்.